டாஷ்போர்டு விளக்கு எரிந்தால் முதலில் எங்கே பார்ப்பது? ஆஃப்-ரோடு வண்டிக்கு அறிகுறி வாரியான வழிமுறை

இன்றைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பானெட்டைத் திறந்தால் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடிதான் கண்ணில் படும். அதைப் பார்த்ததுமே “இது நாம் கை வைக்கிற சமாச்சாரம் இல்லை” என்று பாதிப் பேர் பானெட்டை மூடிவிடுகிறார்கள். மீதிப் பேர் ஸ்கேனரை மாட்டி, அது எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதை அப்படியே வாங்கி மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே காசுக்குக் கேடு. சேற்றிலும் மணலிலும் ஓடுகிற வண்டியில் வரும் தொல்லைகளை நான் பார்த்தவரை, முக்கால்வாசி மூன்றில் ஒன்றில் போய் நிற்கும்: குறைந்த வோல்டேஜ், எங்கோ அடைத்த சேறு, தளர்ந்துபோன இணைப்பு. இந்த மூன்றையும் சர்வீஸ் சென்டரின் கணினியை விட நம் கண்ணும் கையும்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கும். அப்புறம் மிஞ்சுவதுதான் உண்மையில் டீலருக்கான வேலை.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியோடு பேசும் சாக்கெட்) செருகும் புளூடூத் ஸ்கேனர், டார்ச், டார்க் ரெஞ்ச் (குறித்த விசையில் இறுக்கும் ஸ்பேனர்), உங்கள் வண்டியின் ஓனர் மேனுவல். 16 பின் ஓபிடி போர்ட் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும்.

எரர் கோடைப் படிக்கலாம், அழிக்க வேண்டாம்

ஸ்கேனர் காட்டும் கோடு (குறையின் குறியீட்டு எண்) எதுவாக இருந்தாலும் முதலில் அதைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ‘பி0’ என்று தொடங்கினால் எல்லா நிறுவன வண்டிக்கும் பொதுவான எஞ்சின், கியர்பாக்ஸ் கோடு. ‘பி1’ என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது, சாதாரண ஆப் அதற்கு அர்த்தம் சொன்னாலும் நம்பாதீர்கள். ‘சி’ என்றால் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பக்கம். ‘யு’ என்றால் வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் தகராறு.

அழிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கோடு விழுந்த நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று கணினி ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். நான் ஒருமுறை சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தின ராத்திரி ‘சும்மா பார்ப்போம்’ என்று அழித்துவிட்டேன். மறுநாள் அவர்கள் அரைநாள் வைத்திருந்து, ‘குறை எதுவும் தென்படவில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. தடயத்தைத் துடைத்தது நான்தான்.

இன்னொன்று. சில புதிய வண்டிகளில் சாதாரண ஸ்கேனர் கோடைப் படிக்கும், ஆனால் அழிக்க முடியாது. உதாரணமாக 2018-இல் வந்த ஜீப் ரேங்க்லரிலிருந்து செக்யூரிட்டி கேட்வே என்ற பூட்டு இருக்கிறது. பதிவு செய்த கருவிக்குத்தான் அது வழிவிடும். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்க வேண்டாம்.

டாஷ்போர்டில் ஐந்தாறு விளக்குகள் ஒரே நேரத்தில் எரிகின்றன

ஏபிஎஸ், ட்ராக்ஷன், ஸ்டீயரிங், ஃபோர் வீல், எஞ்சின் என்று கோயில் திருவிழா மாதிரி எல்லாம் எரிந்தால் பயப்படாதீர்கள். ஐந்து பாகங்கள் ஒரே காலையில் சேர்ந்து கெடாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது, அது பெரும்பாலும் மின்சாரம்.

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்துவிட்டுக் காலையில் பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. அடுத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரையே பாருங்கள். எஞ்சின் சுற்றும் அந்த இரண்டு வினாடியில் எண் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்றோ, வழியில் எங்கோ தடை என்றோ பொருள். ஓடத் தொடங்கியதும் 13.8-இலிருந்து 14.7-க்குள் வர வேண்டும். புது வண்டிகளில் கணினியே ஆல்டர்னேட்டரை ஏற்றி இறக்குவதால் எண் கொஞ்சம் ஆடும். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுப் பார்த்தும் 12-இலேயே உட்கார்ந்திருந்தால்தான் கவலை.

எண்கள் சரியாக இருந்தும் விளக்குகள் எரிகின்றனவா? எர்த் இணைப்பைப் பாருங்கள். மேடுபள்ளத்தில் அடிவாங்கும் வண்டியில் முதலில் தளர்வது இதுதான். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் பட்டை ஒயரைப் பிடித்து அசையுங்கள். என் வண்டியில் ஏழு விளக்குகள் எரிந்த அன்று, பாடியில் மாட்டியிருந்த எர்த் போல்ட் விரலாலேயே கால் சுற்று திரும்பியது. கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தது. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். ஏழு விளக்கும் போயின. அதற்கு முன் ‘கன்ட்ரோல் மாட்யூல் மாற்ற வேண்டியிருக்கலாம்’ என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சொல்லியிருந்தார்கள்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற எர்த்தும் ஏமாற்றும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த ஒயரில் தடை இருக்கிறது.

பேட்டரியையே மாற்ற வேண்டி வந்தால் இரண்டு விஷயம். ஸ்டார்ட்-ஸ்டாப் (நிற்கும்போது எஞ்சின் தானே அணைந்து எழும் வசதி) உள்ள வண்டிக்கு, அதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி ரகம் கேட்பார்கள், சாதாரணமானதை மாட்டினால் சீக்கிரம் படுத்துவிடும். நெகட்டிவ் டெர்மினலில் சின்ன சென்சார் பெட்டி இருந்தால், பல வண்டிகளில் புது பேட்டரி வந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழைய கிழட்டு பேட்டரிக்குச் செய்த மாதிரியே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். நல்ல ஸ்கேனர் இருந்தால் நீங்களே செய்யலாம், இல்லையென்றால் டீலரிடம் சில நிமிட வேலை. ஜம்ப் கேபிளின் கறுப்பு முனையையும் அந்த சென்சார் மேல் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ட்ராக்ஷன் விளக்கு மட்டும் எரிந்தால், எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பல வண்டிகளில் அதிலேயே போய்விடும்.

நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறது

முதல் சந்தேகம் நீங்களே பின்னால் சேர்த்தவற்றின் மேல் இருக்கட்டும்: வின்ச், ஃப்ரிட்ஜ், லைட் பார், டேஷ்கேம். வண்டியைப் பூட்டி, கணினிகள் எல்லாம் தூங்க நாற்பது நிமிடம் கொடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நீங்கள் சேர்த்தவற்றின் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் டீலரிடம் போனால் அவர் விரலும் நேராக உங்கள் லைட் பாரைத்தான் காட்டும், அதில் நியாயமும் இருக்கும்.

சேற்றில் ஓட்டிய மறுநாள் ஏபிஎஸ், ட்ராக்ஷன் விளக்குகள்

சி0035 மாதிரி கோடு வந்தால் அது முன் இடது சக்கர வேக சென்சாரின் சுற்று. கோடு சொல்வது சுற்றில் குறை என்றுதான், சென்சார் போய்விட்டது என்று இல்லை. சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடியுங்கள். சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் நடுவில் உலர்ந்த சேறு, மாட்டிக்கொண்ட கல், கிளிப்பிலிருந்து விடுபட்டு டயரில் உரசும் ஒயர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். காந்த சென்சார் என்றால் அதன் மூக்கில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும், துடைத்தால் போதும். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒன்றாகத் திறந்துவைத்து மெதுவாக ஓட்டினால், எந்தச் சக்கரம் பூஜ்யம் காட்டுகிறது அல்லது துள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் விளக்கு போகவில்லையா? நான்கு டயரும் ஒரே அளவா என்று பாருங்கள். தேய்ந்த மூன்றுக்கு நடுவே புது ஸ்டெப்னி ஒன்று ஓடினாலே சில ஆல் வீல் டிரைவ் வண்டிகள் குழம்பும். பெரிய டயர் போட்டவர்கள் அந்த அளவைக் கணினியில் மாற்றச் சொல்ல வேண்டும்.

டயர் காற்று விளக்கு மட்டும் எரிந்தால் அது பெரும்பாலும் கோளாறு இல்லை. மணலுக்காகக் காற்று இறக்கியிருப்பீர்கள். திரும்ப அடைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டினால் போகும். விளக்கு முதலில் ஒரு நிமிடம் போல சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால்தான் சென்சாரே கோளாறு. உள்ளே இருக்கும் பேட்டரி ஐந்திலிருந்து பத்து வருடம் வரும், தனியாக மாற்ற முடியாது.

4எல் விழ மாட்டேன் என்கிறது, விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது

4எல் என்பது மெதுவாக, அதிக இழுவையோடு போகும் ஃபோர் வீல் நிலை; 4எச் அதைவிட வேகமானது. 4எல் விழாததற்காக டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) மோட்டாரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சிமிட்டுகிறது என்றால் ‘கட்டளை வந்தது, இன்னும் பல் சேரவில்லை’ என்று வண்டி சொல்கிறது, அவ்வளவுதான். உள்ளே இரண்டு பல் சக்கரங்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கும். பிரேக்கை விட்டு வண்டியை ஒரு அடி நகர்த்தினால் பல் நழுவி உள்ளே விழும்.

முறை வண்டிக்கு வண்டி வேறு. பலவற்றில் முழுதாக நிறுத்தி நியூட்ரலில் போட்டு மாற்ற வேண்டும். ரேங்க்லரின் மேனுவலோ, முழுதாக நிறுத்தினால் பல் சேரச் சிரமப்படலாம், நியூட்ரலில் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு மாற்றுவதே மேல் என்கிறது. ஒரு வண்டியில் பழகிய கை இன்னொன்றில் ஏறியதும் ‘கெட்டுப்போச்சு’ என்று சொல்வது இதனால்தான்.

4எல்லிலிருந்தோ 4எச்சிலிருந்தோ வெளியே வர மறுத்தால் கதை வேறு. பார்ட்-டைம் ஃபோர் வீலில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டியிருக்கும். பிடிப்புள்ள தார்ச்சாலையில் அப்படியே வளைத்து ஓட்டினால் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், பின்சக்கரங்கள் விடாது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டில் சேர்ந்து பற்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் வாருங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், விட்டுவிடும். குழைந்த மண்ணில் இரண்டு சக்கரத்தை ஏற்றினாலும் சரி.

டிஃப்ரென்ஷியல் லாக் (ஒரு அச்சின் இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு) விழவில்லை என்று புகார் எழுதும் முன் மேனுவலைத் திறங்கள். பல வண்டிகளில் அது 4எல்லில், அதுவும் ஊர்கிற வேகத்தில்தான் விழும்.

இதெல்லாம் செய்தும் சிமிட்டுகிறது என்றால், கீழே படுத்து டிரான்ஸ்ஃபர் கேஸின் மேலோ பக்கத்திலோ இருக்கும் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீரோ பச்சைப் பூச்சோ தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிடுங்கள். பிளக்கும் சுத்தம், வோல்டேஜும் சரி, அப்போதும் மோட்டாரில் சத்தமே இல்லை என்றால் டீலர். மோட்டாரை மாற்றினால் அதன் நிலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய வண்டிகள் உண்டு.

திடீரென்று இழுவை இல்லை, லிம்ப் மோடு

லிம்ப் மோடு என்றால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் சக்தியைக் குறைத்துக்கொள்வது. டர்போ டீசல் பி0299 காட்டினால் டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள். உடனே டர்போ போய்விட்டது என்று யாராவது சொல்வார்கள். அவரை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போய்வரும் ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி மொத்தையாக ஒட்டியிருந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தமும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஏர் ஃபில்டரையும் திறந்துவிடுங்கள். தூசியில் முன்னால் போகும் வண்டியின் பின்னாலேயே நாள் முழுக்கப் போயிருந்தால் அது செங்கல் மாதிரி இருக்கும்.

டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தனிக்கதை. அது சேர்த்த கரியைத் தானே எரித்துக்கொள்ள உள்ளே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். 4எல்லில் ஊர்ந்தால் அந்தச் சூடு வராது. விளக்கு நிலையாக எரிகிற ஆரம்பக் கட்டத்தில், நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிடம் போல ஓட்டினால் பெரும்பாலும் எரிந்துவிடும். நடுவில் எஞ்சினை நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தி நிறுத்தி எரித்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம், அது டீசல். ஆயிலை மாற்ற வேண்டும். எரியும் நேரத்தில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்துவது தீவைப்பதற்குச் சமம்.

விளக்கு சிமிட்டத் தொடங்கி, வண்டியும் லிம்ப் மோடுக்குப் போய்விட்டால் ஓட்டித் தீர்க்க முயலாதீர்கள். கருவி வைத்து நிறுத்திய இடத்திலேயே எரிக்க வேண்டும், அது டீலர் வேலை.

ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவம்) எச்சரிக்கை வந்து ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்று எண் இறங்கத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். பூஜ்யத்துக்கு வந்து, எஞ்சினை நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நடுக்காட்டில் அது விளையாட்டு இல்லை. ஊற்றியும் எண் மாறவில்லை என்றால் இக்னிஷனை ஆன் செய்து சற்று நேரம் விடுங்கள், மட்டத்தைப் படிக்க அதற்கு நேரம் ஆகும். -11 டிகிரியில் அது உறைந்துவிடும் என்பதும் குளிர்ப் பிரதேசம் போகிறவர்களுக்கு நினைவிருக்கட்டும்.

மெதுவாக ஏறும்போது சூடாகிறது

ரேடியேட்டரை முன்னாலிருந்து பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று அடுக்கடுக்காக இருக்கும், சேறு அவற்றின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, அழுத்தம் குறைந்த தண்ணீரால் அலசுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளை வளைத்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். கூலன்ட் குறைந்தால் மேனுவல் சொல்லும் ரகத்தை மட்டும் ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்குவது ஏமாற்றம்.

ஆழமான தண்ணீரைக் கடந்த பிறகு

நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்து, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு லாரியில் ஏற்றுங்கள்.

நிற்காமல் கடந்தவர்களும் அக்சிலைப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான அக்சில் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அக்சிலுக்குக் காற்று போய்வரும் ப்ரீதர் குழாய் சேற்றால் அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் டிஃப்ரென்ஷியலின் மேல் பிளக்கைத் திறந்து விரலைவிட்டுப் பாருங்கள். ஆயில் காபி நிறத்தில் நுரைத்திருந்தால் உடனே மாற்றுங்கள், வாரம் தள்ளினால் பேரிங் சத்தம் போடும். இது வீட்டிலேயே செய்யும் வேலை.

லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு ஏர் சஸ்பென்ஷனோடு 900 மில்லிமீட்டர், ரேங்க்லருக்கு சுமார் 760, மஹிந்திரா தாருக்கு 650 என்று நிறுவனங்கள் சொல்லும் ஆழம் அசையாத தண்ணீரில் மெதுவாகப் போவதற்கு. அதைத் தாண்டியிருந்தால் வாரண்டி பேச்சு கடினமாகும்.

ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் உதறுகிறது

முதலில் சக்கரத்தின் உள்வளையத்தைப் பாருங்கள். அரைக்கிலோ காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலே வேகத்தில் வண்டி ஆடும். கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

முன்னால் முழு அச்சு (இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கையே பிடுங்குகிற மாதிரி உதறினால், வேகத்தைப் பதற்றமில்லாமல் குறைத்து ஓரம்கட்டுங்கள். ஸ்டீயரிங் டேம்பரை (உதறலை உறிஞ்சும் பாகம்) மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். சில நாள் மறைக்கும், அவ்வளவுதான். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்டட்டும். நீங்கள் கீழே டிராக் பாரின் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரண்டு முனையிலும் கண்ணை வையுங்கள். போல்ட் துளைக்குள் நகர்வதோ புஷ் பிதுங்குவதோ தெரிந்தால் ஆள் அகப்பட்டான். மேனுவல் சொல்லும் டார்க்கில், வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும் நிலையில் இறுக்க வேண்டும். துளை நீள்வட்டமாகியிருந்தால் இறுக்கிப் பயனில்லை.

கை வைக்கக் கூடாத சில

எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் சர்வீஸ் மோடில் போடாமல் பின் பிரேக் பேடு மாற்றினால் கேலிப்பர் மோட்டார் உடையலாம். டிப்ஸ்டிக் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் அளவைக் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் பார்க்க முடியும். முன் கண்ணாடியை மாற்றினாலோ, சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டினாலோ கேமராவையும் ரேடாரையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டும். ஏர்பேக் பக்கம் போகவே வேண்டாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது

ஜாப் கார்டில் உங்கள் தீர்ப்பை எழுதவிடாதீர்கள், அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். ‘டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டார் பார்க்கவும்’ என்று எழுதினால் மோட்டாரைப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்பார்கள், அத்தோடு கதை முடியும். ‘எஞ்சின் சூடான பிறகு 4எச்சிலிருந்து 4எல் போட்டால் விளக்கு இரண்டு நிமிடம் சிமிட்டுகிறது, வண்டியை நகர்த்தினாலும் விழவில்லை, நிறுத்திவைத்த பேட்டரி 12.5’ என்று எழுதினால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம். கோடின் படத்தையும் சிமிட்டும் வீடியோவையும் காட்டுங்கள். தினமும் வராத கோளாறு என்றால் அட்வைசரிடம் நின்று பேசுவதை விட, மெக்கானிக்கை ஒரு ரவுண்டு கூட உட்காரவைத்து ஓட்டிக் காட்டக் கேளுங்கள்.

உங்கள் 17 எழுத்து சேசிஸ் எண்ணுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைப்பது) ஏதாவது நிலுவையில் உள்ளதா, இந்த அறிகுறிக்கு நிறுவனம் டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் (மெக்கானிக்குகளுக்கான பழுதுக் குறிப்பு) வெளியிட்டிருக்கிறதா, இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள். கேட்காமல் சொல்பவர்கள் குறைவு. வாரண்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, சர்வீஸ் பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றன என்றால், செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்குமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே செய்த வேலைகளின் பில், நீங்களே ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர் எல்லாம் ஒரு நோட்டில் இருந்தால் இந்தப் பேச்சு எளிது.

வண்டியை எடுக்கும்போது அவர்கள் வளாகத்திலேயே உங்கள் ஸ்கேனரைச் செருகி ஒருமுறை படியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். 4எல் புகாருக்கு விட்டிருந்தால் கேட்டைத் தாண்டும் முன், எஞ்சின் சூடானதும், மண்தரை கிடைக்கிற இடத்தில் 4எல் போட்டு எடுத்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை நீங்களே டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிவிடுங்கள்.